முறையும் நடைமுறையும்

இந்தப் பத்திரிகையில் அரசியல் சட்டத்தைப் பற்றி எழுத வருகிறவன் முதலில் ஒரு சமாதானம் சொல்லியாக வேண்டும். "இதற்கெல்லாம் வேறு பத்திரிகைகள் இருக்கின்றனவே" என்று நம் நண்பர்களில் பாதிப்பேர் சொல்வார்கள். மீதிப்பேர் படிக்காமல் புரட்டிவிட்டுக் கவிதைப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். என் சமாதானம் இது: ஒரு கவிதையின் முதல் பிரதியில் இருந்த வார்த்தை தொகுப்பில் மாறியிருப்பதை வைத்துக்கொண்டு இரண்டு இதழ் நிறையச் சண்டை போட்டவர்கள் நாம். அந்தச் சண்டையில் நானும் இருந்தேன். அப்படியிருக்க, ஒரு சொற்றொடர் அடிக்கப்பட்டு அதன் இடத்தில் இன்னொன்று எழுதப்பட்டதால் ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணையின்றிச் சிறையில் இருக்க நேர்ந்தது என்றால், அந்தத் திருத்தத்தின் கதை நமக்கு அந்நியமான விஷயமாக இருக்க முடியாது.

அரசியல் நிர்ணய சபையின் விவாதத் தொகுதிகளை நான் படிக்க ஆரம்பித்தது தற்செயல். வங்கியில் பதவி உயர்வுப் பரீட்சைக்காக நூலகத்துக்குப் போய், அங்கே அந்தப் பரீட்சைக்குப் பிரயோஜனமில்லாத எல்லாவற்றையும் படித்தேன். பரீட்சை என்ன ஆயிற்று என்பது நண்பர்களுக்குத் தெரியும். தொகுதிகளின் நடையைப் பற்றி ஒன்று சொல்லலாம். 1946 டிசம்பர் 9-ல் கூடி 1949 நவம்பர் 26-ல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட அந்தச் சபையில் பேசியவர்களில் பலரும் நல்ல ஆங்கிலம் பேசினார்கள். சிலர் மிக நல்ல ஆங்கிலம் பேசினார்கள். யாரோ ஒரு சிலர்தான் பேசும்போதே யோசித்தார்கள். அந்த ஒரு சிலருக்காக மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். இலக்கியத்திலும் விகிதம் இதற்கு மேல் இல்லை.

1947 ஏப்ரலில் அடிப்படை உரிமைகள் பற்றிய இடைக்கால அறிக்கையை வல்லபாய் பட்டேல் சபையில் வைத்தார். அதில் ஒரு ஷரத்து, 'டியூ பிராஸஸ் ஆஃப் லா' இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்று சொல்லிற்று. சபை அதை ஏற்றுக்கொண்டது. 1948 பிப்ரவரி 21-ல் வரைவுக் குழு சபைத் தலைவரிடம் கொடுத்த நகலில் அதே ஷரத்து 15-ஆம் எண்ணோடு இருக்கிறது. ஆனால் வாசகம் வேறு. 'சுதந்திரம்' என்பதற்கு முன்னால் 'தனிமனித' என்ற அடை சேர்ந்திருக்கிறது. 'டியூ பிராஸஸ்' போய்விட்டது. அதற்குப் பதிலாக, சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறைப்படி அன்றி என்று வருகிறது. சபை ஏற்றுக்கொண்ட வாசகத்தைக் குழு மாற்றிவிட்டு, ஜப்பானின் 1946-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில் 31-ஆம் ஷரத்து இப்படித்தான் இருக்கிறது, இதுதான் திட்டவட்டமானது என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டது. அந்த ஜப்பானிய சட்டத்தின் மூல நகலை எழுதியவர்கள் டோக்கியோவில் உட்கார்ந்திருந்த மக்ஆர்தரின் அமெரிக்க அதிகாரிகள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் எழுதினார்கள். அமெரிக்காவின் சொற்றொடரை விலக்கிவிட்டு நாம் எடுத்துக்கொண்டது டோக்கியோ வழியாக வந்த இன்னோர் அமெரிக்கச் சொற்றொடரை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கிறது. 'நடைமுறை' என்றால் மனு எங்கே கொடுப்பது, எத்தனை நாளில், யார் கையெழுத்து என்ற விஷயம். எங்கள் வங்கிச் சுற்றறிக்கைகள் பூராவும் அதுதான். ஆனால் 'முறை' என்ற தனிச்சொல்லுக்கு நம்மிடம் வேறோர் எடை இருக்கிறது. முறை என்றால் வரிசை. முறை என்றால் உறவு. முறை என்றால் நியாயம். அரசன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று அர்த்தம். 'இது முறையா' என்று ஒரு கிழவி தெருவில் கேட்டால் அவள் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்கவில்லை. 'முறையிடுவது' என்கிறோம். 'டியூ பிராஸஸ்' என்பதில் 'டியூ' என்ற அந்தச் சின்னச் சொல் செய்த வேலையைத் தமிழில் 'முறை' என்பதே செய்துவிடுகிறது. அதாவது, சட்டம் இருக்கிறதா என்று மட்டும் நீதிபதி பார்த்தால் போதாது. அந்தச் சட்டம் நியாயமானதா என்றும் பார்க்கலாம் என்பது. வரைவுக் குழு அடித்தது இந்த இரண்டாவது கேள்வியை. (கண்ணகியை இங்கே இழுத்து வரமாட்டேன். அவளை மேடைக்காரர்கள் போதுமான அளவு அலைக்கழித்துவிட்டார்கள்.)

யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்ற கேள்விக்குப் போகும்போது, நமக்கெல்லாம் பழக்கமான ஆசிரியன் என்கிற பிரச்சனை வந்துவிடுகிறது. வரைவுக் குழு 1947 ஆகஸ்ட் 29-ல் நியமிக்கப்பட்டது. அம்பேத்கர் தலைவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், கே.எம். முன்ஷி, முகமது சாதுல்லா, பி.எல். மிட்டர், டி.பி. கெய்தான் மற்றவர்கள். மிட்டர் விலகி அவர் இடத்தில் மாதவராவ் வந்தார். கெய்தான் இறந்துபோனார், பிறகு டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்து சேர்ந்தார். 1948 நவம்பர் 5-ல் சபையில் இந்த டி.டி.கே.தான் எழுந்து, ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்கு ராஜாங்க வேலை, ஓரிருவர் உடல்நிலை காரணமாக டில்லியில் இல்லை, கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்ற பொருளில் பேசினார். இந்தப் பேச்சை மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் குழுவில் இல்லாத ஒருவர் குழுவுக்கு முன்பே ஒரு முழு நகல் தயாரித்திருந்தார்: அரசியல் சட்ட ஆலோசகர் பி.என். ராவ். அவருடைய நகலில் 243 ஷரத்துகள். குழுவின் நகலில் 315. கடைசியில் 395. ஒவ்வொரு நகலாக எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது, பாடபேதம் பார்ப்பவர்களுக்கு நல்ல வேலை. நம்மில் யாரும் செய்யவில்லை. நமக்குச் சுவடிகள்தான் பிரதி.

1947 கடைசியில் ராவ் அமெரிக்கா போனார். அங்கே சுப்ரீம் கோர்ட் நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரைப் பார்த்தார். டியூ பிராஸஸ் என்ற பெயரில், மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபையின் சட்டத்தை நீதிபதிகள் தள்ளிவிடும் அதிகாரம் ஜனநாயகத்துக்குப் பொருந்தாது, நீதிபதிகளுக்கும் அது வேண்டாத சுமை என்பது பிராங்பர்ட்டரின் அபிப்பிராயம். இதை ஒரு பெரிய மனிதர் இன்னொரு பெரிய மனிதரின் காதில் ஓதிய மந்திரமாகச் சொல்வது பாதிக் கதை. ராவுக்கும் அல்லாடிக்கும் அந்தச் சந்தேகம் ஏற்கனவே இருந்தது. கோவிந்த் வல்லப பந்த் போன்றவர்களுக்கு அது சந்தேகம் கூட இல்லை, பயம். குத்தகைச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்பு என்று தாங்கள் கொண்டுவரப்போகும் எல்லாவற்றையும் நீதிபதிகள் டியூ பிராஸஸைக் காட்டி அடித்துவிடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பயம் வீண் பயம் அல்ல. 1905-ல் நியூயார்க் மாகாணம், ரொட்டி சுடும் தொழிலாளி நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று போட்டிருந்த சட்டத்தை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. முதலாளியோடு எவ்வளவு நேரத்துக்கு வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்வது தொழிலாளியின் 'சுதந்திரம்', அதை டியூ பிராஸஸ் இல்லாமல் பறிக்கக்கூடாது என்பது நியாயம்! அடுப்புச் சூட்டில் நின்றுகொண்டிருந்தவனுக்கு இந்தச் சுதந்திரத்தின் ருசி தெரிந்திருக்கும். இப்படி ஏறக்குறைய முப்பது வருஷம் நடந்தது. இதையெல்லாம் படித்திருந்த அல்லாடி, சென்னையில் 1929 முதல் 1944 வரை அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், நீதிபதிகளை மிக அருகில் பார்த்தவர், அவர்களை நம்பவில்லை. அதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்க வாசகத்தில் உயிர், சுதந்திரம், சொத்து என்று மூன்று இருக்கிறது. நம்முடைய 1947 ஏப்ரல் வாசகத்திலேயே சொத்து இல்லை. அதை முன்பே எடுத்துவிட்டார்கள். ஆகவே ஜமீன்தார் தன் நிலத்தைக் காப்பாற்ற இந்த ஷரத்துக்குள் நுழைய முடியாது. மீதியிருந்த ஓட்டை 'சுதந்திரம்' என்ற சொல். ஒப்பந்தச் சுதந்திரம் என்று சொல்லி முதலாளி அதில் நுழையலாம். 'தனிமனித' என்ற அடை அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. இதற்குப் பிறகும் டியூ பிராஸஸை எதற்காக அடிக்க வேண்டும்? இது என் கண்டுபிடிப்பு அல்ல. வரைவுக் குழுவில் இருந்த முன்ஷியே சபையில் எழுந்து இதைத்தான் கேட்டார். ஒரு குழு உறுப்பினர் தன் குழுவின் வாசகத்தை எதிர்த்துப் பேசிய இந்தச் சந்தர்ப்பம் தொகுதிகளிலேயே சுவாரசியமானவற்றில் ஒன்று.

பதில், வாசகத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்பட்டார். நகல் கையெழுத்தானது அதற்கு மூன்று வாரம் கழித்து. பஞ்சாப் எரிந்து அடங்கவில்லை, காஷ்மீரில் சண்டை, தெலுங்கானாவில் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம். விசாரணையில்லாமல் ஆட்களைப் பிடித்து வைக்கும் அதிகாரம் வேண்டும் என்று மாகாண சர்க்கார்கள் எல்லாம் நினைத்த நேரம். டியூ பிராஸஸ் இருந்தால் அது முடியாது. நிலத்தின் பெயரைச் சொல்லி, சிறைக்காக ஒரு சொல்லை அடித்தார்கள் என்று நான் சொன்னால் கொஞ்சம் கடுமைதான். பந்த் நிலத்தைத்தான் நினைத்தார், அல்லாடி நீதிபதிகளைத்தான் நினைத்தார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் காரணங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நல்ல காரணம் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

1948 டிசம்பர் 6-ல் ஷரத்து சபைக்கு வந்தது. காஜி சையது கரிமுத்தீன், சென்னையிலிருந்து போன மகபூப் அலி பேக், தாகுர் தாஸ் பார்கவா, முன்ஷி என்று வரிசையாகப் பலர் பழைய வாசகம் வேண்டும் என்று பேசினார்கள். எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் அல்லாடி. 13-ஆம் தேதி அம்பேத்கர் பதில் சொன்னார். அந்தப் பேச்சை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு மந்திரி தன் மசோதாவைத் தாங்கிப் பேசும் பேச்சு அல்ல அது. இது சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள உறவு பற்றிய பிரச்சனை என்கிறார். கட்சிக்காரர்கள் நிரம்பிய சட்டசபை மனிதனின் உரிமையைப் பறிக்கச் சட்டம் போடாது என்று சொல்ல முடியாது என்கிறார். அதே மூச்சில், சுப்ரீம் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு கனவான்கள் தங்கள் மனசாட்சியையோ பட்சபாதத்தையோ வைத்து எந்தச் சட்டம் நல்லது எந்தச் சட்டம் கெட்டது என்று தீர்மானிப்பார்கள் என்று எப்படி நம்புவது என்கிறார். இரண்டு பக்கமும் ஆபத்து, நடுவில் கப்பல் ஓட்ட வேண்டியிருக்கிறது என்று கிரேக்கக் கதையின் அந்தப் பாறையையும் சுழலையும் சொல்கிறார். பிறகு, சபையே முடிவு செய்யட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறார்.

சபை திருத்தங்களைத் தோற்கடித்தது. பேசியவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம், வாக்கு மறு பக்கம். இந்தப் புதிருக்கு விடை தொகுதிகளுக்குள் இல்லை. பல ஷரத்துகள் சபைக்கு வருமுன் காங்கிரஸ் கட்சி உறுப்பினர்களின் தனிக்கூட்டத்தில் பேசப்பட்டன; அங்கே பேசியது இந்தத் தொகுதிகளில் அச்சாகவில்லை. நாம் கையில் வைத்திருக்கும் பிரதி, எழுதியவனின் மேஜை டிராயரைப் பார்க்காத பிரதி.

அம்பேத்கர் முடிவெடுக்காமல் விட்டது பலவீனம் என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொல்கிறவன் அபூர்வம். ஆனால் அவர் சொன்னபடியே இரண்டு பக்கமும் ஆபத்து என்றால், ஒரு பக்கத்து ஆபத்தில் ஜெயிலுக்குப் போவது யார், மறு பக்கத்து ஆபத்தில் நிலம் இழக்காமல் இருப்பது யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை அன்று அவர் தள்ளிவைத்தார். ஒன்பது மாதம் அது அவரை விடவில்லை.

1949 செப்டம்பர் 15-ல் அவரே 15-அ என்று ஒரு புதிய ஷரத்தைக் கொண்டுவந்தார். பழைய 15-ஆல் சபைக்குள்ளும் வெளியிலும் மிகுந்த அதிருப்தி இருக்கிறது, யாரையும் கைது செய்யப் பாராளுமன்றத்துக்கு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது, அதை ஈடுகட்டவே இது என்று ஒளிக்காமல் சொன்னார். கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவன் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நல்ல ஷரத்து. அதன் பின்பாதியில், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கு இவை பொருந்தாது; அவனை மூன்று மாதம் வரை அப்படியே வைத்திருக்கலாம்; அதற்கு மேல் வைத்திருக்க ஓர் அறிவுரைக் கழகம் சரியென்று சொல்ல வேண்டும்; அந்தக் கழகத்தையும் தவிர்க்கும்படி பாராளுமன்றம் சட்டம் செய்துகொள்ளலாம். உரிமைகளின் அத்தியாயத்துக்குள்ளேயே, யுத்தம் இல்லாத காலத்திலும், விசாரணையில்லாச் சிறை வந்து குடியேறிவிட்டது. இன்று 22-ஆம் ஷரத்து என்கிறோமே, அது இதுதான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்வது என்பார்கள். இங்கே ஒரே கை.

அன்றைய விவாதத்தில் மகாவீர் தியாகி எழுந்தார். வெள்ளைக்காரனின் சிறைகளில் இருந்தவர். வரைவுக் குழுவில் இருப்பவர்களுக்குச் சிறையனுபவம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்ற பொருளில் அவர் சொல்ல, இனி அதற்கு முயற்சி செய்கிறேன் என்கிற மாதிரி அம்பேத்கர் பதில் சொல்கிறார். சபை சிரித்திருக்கும். என்னால் முடியவில்லை. ஏனென்றால், 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த, 1942-ல் இதே தடுப்புக் காவலில் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த ஆட்கள் அந்தச் சபையில் நிறைய இருந்தார்கள். சிறையனுபவம் இருந்தவர்களும் சேர்ந்துதான் வாக்களித்தார்கள். அனுபவம் பார்வையைத் தந்துவிடும் என்று நம்மில் சிலர் கதைகளைப் பற்றி ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறோமே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பக்‌ஷி டேக் சந்த், ஹைகோர்ட் நீதிபதியாக இருந்தவர், இந்த ஷரத்தைக் கடுமையாகத் தாக்கினார். ஷரத்து நிறைவேறியது.

1950 ஜனவரி 26-ல் சட்டம் அமலுக்கு வந்தது. பிப்ரவரி 11-ல் சேலம் மத்திய சிறையில் போலீஸ் சுட்டதில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். பிப்ரவரி 26-ல் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. மார்ச் 1-ல், 1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணத்தின் சிறைகளில் இருந்துவந்த ஏ.கே. கோபாலனுக்கு, சிறைக்குள்ளேயே, புதிய சட்டத்தின் கீழ் புதிய உத்தரவு கொடுக்கப்பட்டது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. கோபாலன் விவசாயிகளைத் திரட்டிய கம்யூனிஸ்ட். ஜமீன்தார்கள் உபயோகித்துக்கொள்வார்கள் என்று பயந்து ஒரு பாதுகாப்பை எடுத்தார்கள். அது இல்லாததால் சுப்ரீம் கோர்ட்டில் முதலில் அடிபட்டவர் ஜமீன்தார்களுக்கு எதிராக நின்ற ஆள்.

கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். ஷரத்தில் உள்ள 'சட்டம்' என்பது சட்டசபை போட்ட எந்தச் சட்டமும் அல்ல, இயற்கை நீதிக்கு இசைந்த சட்டம் என்பது அவர் வாதம். கேட்டவர்கள் ஆறு நீதிபதிகள். அம்பேத்கர் சொன்ன 'ஐந்தாறு கனவான்கள்' எண்ணிக்கையிலும் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1950 மே 19-ல் நாலு பேர் கோபாலனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டார்கள். முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமற்ற மன்றம், ஒழுங்கான விசாரணை, இவையில்லாத நடைமுறை நடைமுறையே அல்ல என்று பசல் அலி எழுதினார்.

இந்தத் தீர்ப்பில் நமக்கென்றே எழுதியதுபோல் ஓர் இடம் இருக்கிறது. சபையில் இன்னார் இப்படிப் பேசினார் என்று காட்டி ஷரத்துக்குப் பொருள் சொல்லலாமா என்ற கேள்வி வந்தபோது, பதஞ்சலி சாஸ்திரி கூடாது என்றார். ஒரு பேச்சு பேசியவரின் அகநோக்கத்தை வேண்டுமானால் காட்டும், வாக்களித்த பெரும்பான்மையின் சொல்லப்படாத மனத்தைக் காட்டாது என்பது அவர் கருத்து. விம்சட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியனின் உத்தேசத்தைத் தேடுவது பிழை என்று கட்டுரை எழுதியது 1946-ல், சபை கூடிய அதே வருஷம். பி.ஏ. வகுப்பில் அதை எங்களுக்குப் பெரிய விடுதலையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்தப் பக்கங்களில் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். பிரதியை மட்டும் பார் என்ற அதே தீர்ப்பில், தலைமை நீதிபதி கானியா, வரைவுக் குழு 'டியூ' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். இல்லாத சொல்லும் பிரதியில் சேர்த்திதான் போலும். விட்ட சொல்லுக்கு அர்த்தம் உண்டு, விட்டதற்கு வருந்திப் பேசிய பேச்சுக்கு அர்த்தம் இல்லை. இந்த நியாயத்தைக் கவிதையில் நான் ஏற்றுக்கொள்வேன். ஆள் உள்ளே இருக்கும்போது ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நிலம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் தனியாக 31-ஆம் ஷரத்து இருந்தது. டியூ பிராஸஸ் இல்லாததால் ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. 1951 மார்ச்சில் பாட்னா ஹைகோர்ட் பீகாரின் நிலச் சட்டத்தைச் சமத்துவ ஷரத்தைக் காட்டிச் செல்லாது என்றது. மூன்று மாதத்துக்குள் நேரு முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, ஒன்பதாவது அட்டவணை என்று ஒரு பெட்டி செய்து, நிலச் சட்டங்களை அதற்குள் வைத்துப் பூட்டினார். எந்த ஆபத்துக்காகச் சொல்லை அடித்தார்களோ அது வேறு வாசலில் வந்தது. அதைச் சமாளிக்க வேறு வழியும் இருந்தது. அடித்த சொல் மட்டும் திரும்பவில்லை.

இதெல்லாம் ஏட்டு விவகாரமாகவே எனக்கு இருந்திருக்கும், ஒரு விஷயம் நடக்காமல் இருந்திருந்தால். சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கிளையில் ஒரு காஷியர் மேல் இலாகா விசாரணை நடந்தது. கல்லாவில் 18,000 ரூபாய் குறைவு. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு டைப் அடிக்க வரும் என்பதால் அன்றன்றைய நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. பதினோரு அமர்வு. குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள், விளக்கம் கேட்டார்கள், அவருக்காக வாதாட யூனியன்காரர் ஒருவரை அனுமதித்தார்கள். அந்த மத்தியானத்துக் கேமராப் பதிவு வேண்டும் என்று இவர் கேட்டார். தொண்ணூறு நாளுக்கு மேல் பதிவு நிற்காது, அழிந்துவிட்டது என்று பதில். கேட்டது தொண்ணூறு நாளுக்குள். பதில் வந்தது அதற்குப் பிறகு. 'ஆவணம் இருப்பில் இல்லை என்பது குறித்துக்கொள்ளப்பட்டது' என்று நான் டைப் அடித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அவரும். கடைசி அறிக்கையில், இயற்கை நீதியின் கோட்பாடுகள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டன என்று ஒரு வாக்கியம் வர வேண்டும். விசாரணை அதிகாரி அதைச் சொல்லக்கூட இல்லை. பழைய பைல் ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள் என்றார். எடுத்துப் போட்டேன். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் எடுத்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. போகிற அன்று என் மேஜைக்கு வந்து, "எல்லாம் கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் குத்தல் இருந்ததா என்று பல நாள் யோசித்தேன். இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகுதான் கோபாலன் தீர்ப்பைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பசல் அலி எழுதிய அந்த நாலு அம்சமும் எங்கள் விசாரணையில் காகிதத்தில் இருந்தன. ஆகவே 'டியூ' என்ற சொல் இருந்திருந்தால் எல்லாம் சரியாயிருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. இருந்தால், குறைந்தபட்சம், பழைய பைலிலிருந்து எடுத்துப் போட முடியாத ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டிருக்கும்.

அடுத்த கட்டம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971-ல் மிசா. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை. உள்ளே போனவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கவே முடியாது என்று 1976 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, நாலுக்கு ஒன்று. ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகையில் ஒருவனைக் கொன்றால் கூட நெருக்கடி முடியும்வரை பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்க, இல்லை என்றுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாறுபட்ட அந்த ஒருவர் கன்னா. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி வேறொருவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள், ராஜினாமா செய்தார். எல்லாம் முடிந்தபின், 1978 ஜனவரி 25-ல், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த மேனகா காந்தியின் வழக்கில் அதே கோர்ட், நடைமுறை என்றால் அது நேர்மையானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது. முப்பது வருஷத்துக்கு முன் அடித்த சொல்லை, அடித்தது அடித்தபடி இருக்க, மேலே எழுதினார்கள். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை வழக்கில் 1976 தீர்ப்பு தவறு என்று அதை ரத்து செய்தார்கள். அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976-ன் நால்வரில் ஒருவர் அவருடைய தகப்பனார்.

இதை வெற்றி என்று கொண்டாடுகிறவர்களோடு என்னால் முழுமனத்தோடு சேர முடியவில்லை. 1950-ல் கோபாலனை உள்ளே வைத்ததும், 1976-ல் கதவைச் சாத்தியதும், 1978-ல் திறந்ததும் அதே நாற்காலிகள்தான். அல்லாடியின் அவநம்பிக்கைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மேலும், திறந்தது 21-ஆம் ஷரத்து மட்டும். 22-ன் பின்பாதி இருந்த இடத்தில் இருக்கிறது. 1950-ன் தடுப்புக் காவல் சட்டத்தைத் திரும்பத் திரும்ப நீட்டித்து 1969 கடைசி வரை ஓட்டினார்கள். அதை எச்சரித்த மகாவீர் தியாகி இடையில் சில வருஷம் மத்திய மந்திரியாகவும் இருந்தார். தமிழ்நாட்டில் 1982-ல் குண்டர் சட்டம் வந்தது. முதலில் கள்ளச்சாராயக்காரர்கள், ரௌடிகள் என்று ஆரம்பித்து, வகைகள் கூடிக்கொண்டே போயின. பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். 'குண்டாஸ்ல போட்டுட்டாங்க' என்று டீக்கடையில் சொல்கிறவன் அரசியல் நிர்ணய சபையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

நெருக்கடி முடிந்து வந்த ஜனதா ஆட்சியில் 44-ஆவது திருத்தம் நிறைவேறியது. 20, 21-ஆம் ஷரத்துகளை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது என்ற பகுதி அமலுக்கு வந்துவிட்டது. அதே திருத்தத்தின் 3-ஆவது பிரிவு, 22-ல் உள்ள மூன்று மாதத்தை இரண்டாகக் குறைக்கிறது. அறிவுரைக் கழகத்துக்கு ஹைகோர்ட் தலைமை நீதிபதியின் சிபாரிசுப்படி ஆள் போட வேண்டும் என்கிறது. கழகத்தைத் தவிர்க்கும் வழியை எடுத்துவிடுகிறது. பாராளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றின, ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். எந்தத் தேதியிலிருந்து அமல் என்று சர்க்கார் கெஜட்டில் அறிவிக்க வேண்டும். 1978-க்குப் பிறகு ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் அந்தத் தேதியைப் போடவில்லை. நூலகத்தில் நான் பார்த்த பிரதியில் அந்தப் பிரிவு, சின்ன எழுத்தில், அடிக்குறிப்பாக இருக்கிறது.